துணைக்கு இருமியவள்

இருமுவதற்கு எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பயிற்சிதான். என்னைச் சமையலறை வாசலில் நிறுத்தி, "தொண்டையில இருந்து வரக் கூடாது, நெஞ்சுல இருந்து வரணும்" என்று இருமிக் காட்டினார். நானும் இருமினேன். "ஆடு செருமுற மாதிரில்ல இருக்கு? இன்னொருக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் அம்மாவுக்கு இருமல் வந்தால், அது முடிவதற்குள் என் இருமல் தொடங்கிவிட வேண்டும். இதுதான் அப்பாவின் திட்டம். சத்தத்தை மறைக்க முடியாது, ஆனால் இருமுகிற ஆளை மாற்றிவிடலாம் இல்லையா? ஒன்பது வயதுப் பிள்ளை இருமினால் ஐஸ் தின்றிருக்கும் என்பார்கள். வீட்டுப் பெரிய மனுசி மாதக்கணக்கில் இருமினால் வேறொன்றை நினைப்பார்கள்.

அந்த வேறொன்றின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடத்துச் சுவரில் அதைப் படித்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு மனிதனையும் வரைந்திருந்தார்கள். அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் ஓடுவேன்.

கம்பத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பாதிப் பெண்கள் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்துப் பக்கம் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திருப்பிக் கொண்டுவந்து விடும். அம்மாவும் அதில்தான் போய்வந்தாள். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டங்களில் கொடியை நறுக்கிக் கவாத்து அடிப்பது, குலை வெட்டுவது, பெட்டி போடுவது என்று வேலை. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் எங்களோடேயே இருந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமில்தான் அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, விடவே கூடாது என்றார்கள். அம்மா விடவில்லை. எனக்குத் தலை சீவ மறந்த நாள் உண்டு, சோற்றுத் தூக்குவாளியை மறந்துவிட்டு ஜீப் ஏறிய நாள் உண்டு, மாத்திரையை மறந்த நாள் கிடையாது. பால் விடாத கட்டஞ்சாயாவோடு அதை வாயில் போடுமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள், திருநீறு பூசுகிற மாதிரி.

சில வாரத்தில் இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில் யாரோ இறகை விட்டுச் சீண்டுகிற மாதிரி ஒரு வறட்டு இருமல். பேசினால் வரும். படுத்தால் வரும். சிரித்தால் கட்டாயம் வரும், அதனால் அம்மா சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? "மலைப் பனி ஒத்துக்கல" என்றார் ஒருவர். "செடிக்கு அடிக்கிற மருந்து நெஞ்சுல எறங்கியிருக்கும்" என்றார் இன்னொருவர். "தோட்டத்து ஸ்டோர்ல ஏலக்காய் ஒணத்துற சூடு" என்றார் ஜீப் டிரைவர். எல்லாமே நம்பும்படி இருந்ததுதான் வினை. சந்தேகப்பட இத்தனை இருக்கும்போது, குணமாக்கவென்று கொடுத்த மாத்திரையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அப்பா மெடிக்கலில் போய், "இருமலுக்கு நல்லதா ஒண்ணு குடுப்பா" என்றார். நான் கூட இருந்தேன். கடைக்காரர் கேட்கத்தான் செய்தார்: "அவுக வேற மாத்திரை எதும் சாப்பிடுறாகளா?"

"அதெல்லாம் இல்ல. ஆளு நல்லாத்தான் இருக்கா. இருமல் மட்டுந்தான்."

அப்பா பொய் சொல்லவில்லை. பிரஷரை அவர் நோயாக நினைத்ததே இல்லை. அந்த மாத்திரை அவருக்குப் பல் விளக்குகிற மாதிரி ஒரு காலை வழக்கம். அதைப் போய் யாராவது கடையில் சொல்வார்களா? சிரப் வந்தது. அதைக் குடித்துவிட்டு அம்மா ஜீப்பில் தூங்கி, கொண்டை ஊசி வளைவில் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு வந்தாள். சிரப் கேட்கவில்லை என்றதும் சளி மாத்திரை வந்தது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

இதில் இன்னொரு சங்கடம். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அது திறக்கிற நேரத்தில் அம்மா மலை மேல் இருப்பாள். அதனால் சித்திதான் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவருவாள். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். மாத்திரை எடுத்துக் கொடுத்த நர்ஸ், "அக்காவுக்குத் தொந்தரவு எதும் இருக்கா? தலைச்சுத்து, கால் வீக்கம், இருமல்?" என்று கேட்டார்.

சித்தியின் கை என் கையை இறுக்கியது.

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கா."

அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இருமலைச் சொன்னால் சளி டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், டெஸ்ட் எடுத்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் சித்தியை யார் கட்டுவார்கள்? மாத்திரைக்காகக் கேட்ட கேள்வியை நாங்கள் டி.பி.க்காகக் கேட்டதாக எடுத்துக்கொண்டு தப்பித்து வந்தோம். வெளியே வந்ததும் சித்தி எனக்கு ஒரு தேன்மிட்டாய் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள்.

அதன் பிறகு வீட்டில் விசித்திரமாக ஏதேதோ நடந்தது. அம்மா தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். என்னைச் சித்தியோடு படுக்கச் சொன்னாள். நான் கிட்டப் போய்ச் சாய்ந்தால், "தள்ளிப் போ ஆத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தால் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தேன். நகம் கடிப்பதை விட்டேன். வாய்ப்பாடு படித்தேன். அப்படியும் அம்மா கிட்டச் சேர்க்கவில்லை.

சாயங்காலம் ஆனால் தெருமுனைக்குப் போய் நிற்பேன். முன்பெல்லாம் அம்மா டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் மற்ற அக்காமாரோடு ஒட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வருவாள். இப்போது கடைசியில், கதவோரம், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருந்தது. அவ்வளவு நெரிசலான ஜீப்பில் அந்த இடம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியோரம் துணி அலசிக்கொண்டே அம்மா சித்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ இங்கனயே இருந்துக்கடி. வேத்தாளு வந்தா எம் பிள்ளைய என்ன பாடு படுத்துவாளோ. உங்க மாமாவும் நல்ல மனுசன்தான."

சித்தி கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். சித்தி எங்கேயும் போகமாட்டாள்! இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் உண்டா?

அன்றிலிருந்து சித்தி அப்பாவைக் கேலி செய்வதை நிறுத்தினாள். "மாமா, உங்க மீசைக்கும் ஒரு கவாத்து அடிச்சாத்தான் சரியா வரும்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள், இப்போது அவருக்குச் சோற்றுத் தட்டைக்கூட என் கையில் கொடுத்து அனுப்பினாள். "என்னத்தா, எம்மேல எதும் கோவமா?" என்று அப்பா கேட்டால், "இல்ல" என்று ஒரு வார்த்தை. அப்பா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவருக்கும் எதுவும் தெரியாது. தெரியாததால்தான் உற்சாகமாக மாப்பிள்ளை தேடினார், எனக்கு இருமல் கற்றுக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மூன்று பேர். ஆண்டிபட்டியில் நாலு விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை வெட்கத்தில் எங்கள் சீலிங் ஃபேனைத்தான் பெண் பார்த்தார். அம்மா வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு, பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அவள் தொண்டை அசைகிறதா என்றே பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது.

முதல் இருமல் வந்தது. நான் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வந்தது. அதையும் பிடித்தேன். அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் கெட்டேன். அம்மா இருமாதபோதும் இருமத் தொடங்கிவிட்டேன்.

"பிள்ளைக்கு என்ன, இப்படி இருமுது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஐஸ் தின்னுருச்சு" என்றார் அப்பா.

"நேத்து" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு நிஜமான இருமல் கிளம்பியது. என் இருமலுக்குள் அடங்குகிற இருமல் இல்லை அது. கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குள் ஓடினாள். என் கடமை அவளுக்குப் பக்கத்தில் இருப்பதுதானே? நானும் ஓடினேன். எங்கள் பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்து வந்துவிட்டார்.

அம்மா அவரைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அத்தே, தப்பா எடுத்துக்கிறாதீக. இந்தச் சம்பந்தம் இப்பத்திக்கு வேணாம்."

"ஏன் தாயி? எம் மகனுக்கு என்ன கொறச்சல்?"

"அவுகளுக்கு ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான்…" மறுபடி இருமல். நானும் இருமினேன்.

"நீ சும்மா இரு ஆத்தா. ஒன் வேசம் எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர் என்னிடம். பிறகு ஜன்னல் கம்பியில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். "இது யாருக்கு?"

"எனக்குத்தான். பிரஷருக்கு."

"எப்ப இருந்து சாப்பிடுற?"

"மாசிச் சிவராத்திரிக்கு முந்தி இருந்து."

"இருமல் எப்ப இருந்து?"

அம்மா விரல் விட்டு மாதத்தை எண்ணத் தொடங்கினாள். அந்த இரண்டையும் யாரும் அவளிடம் ஒன்றாகக் கேட்டதே இல்லை.

"எங்க வீட்டு ஆளுக்கும் இதே கததான். நாங்க பாக்காத வைத்தியமா? டாக்டர்ட்டச் சொன்னதும் மாத்திரைய மாத்திக் குடுத்தாக. அதுக்கப்புறமும் பல நாளு இருமி, கொஞ்சங் கொஞ்சமாத்தான் நின்னுச்சு. போய் இப்படின்னு சொல்லு. நீயா மட்டும் நிறுத்திப்புடாத, கேட்டியா?"

அம்மா கேட்டாள். ஆனால் பாதிதான் உள்ளே போனது. மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருநாள் வேலைக்கு முழுக்குப் போட வேண்டும். காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற நேரம், ஒருநாள் விட்டால் ஜீப்பில் வேறு ஆள் ஏறிவிடுவார்கள். "அடுத்த வாரம் போறேன்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். இருமல் நிற்கவில்லை. "பாத்தியா? மாத்திரை இல்லாமயும் இருமத்தான செய்யுது. அப்ப இது அதுதாண்டி" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, சளி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை நட்டநடு மத்தியானம் ஜீப் ஹார்ன் கேட்டது.

எங்கள் தெருவில் ஜீப் மத்தியானம் வராது. வந்தால் எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறதோ என்று எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். அது எங்கள் வாசலில் நின்றது. அம்மா இரண்டு பேர் மடியில் சாய்ந்து, தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இப்போது காலி இடம் இல்லை. "தலை வெடிக்குதுங்கிறா. கண்ணு மங்குதுங்கிறா. ஏ ஆத்தா, அப்பா எங்க?" என்று கத்தினார் ஒரு அக்கா. அப்பா திராட்சை லோடு ஏற்றப் போயிருந்தார். யாரோ என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். கம்பம் ஆஸ்பத்திரி வரை டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, அவள் இருமினால் போதும் என்று வேண்டிக்கொண்டு போனேன். அவள் இருமவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சித்தி கடையிலிருந்து ஓடிவந்தாள். விரலெல்லாம் ஜெராக்ஸ் மை. டாக்டர் சின்ன வயசுப் பெண். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தார். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

சித்தி ஒரே மூச்சில் கொட்டினாள். "ரெண்டு வாரமாச் சாப்பிடல டாக்டர். அதுக்கு முந்தி மாசக்கணக்கா இருமல். சிரப் குடிச்சா. மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கிப் போடுறா. நர்ஸக்கா இருமல் இருக்கான்னு கேட்டப்ப நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். டி.பி.யா இருக்குமோன்னு பயந்து சொன்னேன்."

நாங்கள் திட்டுக்குத் தயாராக நின்றோம். டாக்டர் திட்டவில்லை. முதலில் அம்மாவைப் படுக்கவைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார். பிறகு வந்து சொன்னார்: அந்த வகை மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும்; சொன்னால் வேறு மாத்திரை உண்டு; விட்ட பிறகும் இருமல் அடங்க வாரக்கணக்கில் ஆகும்; ஆனால் நாமாக நிறுத்தினால் பிரஷர் ஏறிக்கொள்ளும், அதன் மேல் அந்தச் சளி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் ஏற்றிவிடும். "எங்க போனாலும், என்ன மருந்து வாங்கினாலும், ஏற்கனவே சாப்பிடுறத முதல்ல சொல்லுங்க. டி.பி. இருக்கான்னும் பாத்துருவோம். இருந்தாலும் மருந்து இருக்கு. அதுல என்ன வெக்கம்?"

பார்த்தார்கள். இல்லை என்று வந்தது.

அதைக் கேட்டதும் சித்தி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகி, தோள் குலுங்கியது. அம்மா அவள் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆண்டிபட்டிக்குப் போறியாடி?" என்று கேட்டாள். சித்தி மடிக்குள்ளிருந்தே தலையாட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. போகமாட்டாள் என்றுதானே பேச்சு?

புது மாத்திரையில் அம்மாவுக்குக் கால் லேசாக வீங்கியது. இந்த முறை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர்களும் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். இருமல் ஊருக்குக் கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி வாசலில் நின்று நின்று, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. அப்பா மறுபடி ஆண்டிபட்டிக்குப் போய், தள்ளிப்போன சம்பந்தத்தைப் பேசி முடித்தார். சித்தி மறுபடி அவர் மீசையைக் கேலி செய்யத் தொடங்கினாள், முன்னைவிடச் சத்தமாக.

கல்லூரிக்கு வந்த பிறகு ஒருநாள் தேனி பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுதான், சம்பந்தமே இல்லாமல், எனக்கு அது உறைத்தது. அம்மா அன்றைக்குத் தொட்டியோரம் கேட்டது என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மட்டும் இல்லை. அக்கா போய்விட்டால் பிள்ளையின் பேரைச் சொல்லித் தங்கையை அதே வீட்டில் கட்டிவைப்பது எங்கள் பக்கம் ஊர் ஒப்புக்கொண்ட வழி. யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். மறுக்கவும் விடமாட்டார்கள். ஒரு வெள்ளை மாத்திரையின் இருமலை நம்பி அம்மா தன் இடத்துக்கு ஆள் பார்த்திருக்கிறாள். அம்மாவின் ஒவ்வொரு இருமலிலும் சித்திக்கு அக்காவும் போய்க்கொண்டிருந்தாள், அவள் வாழ்க்கையும் போய்க்கொண்டிருந்தது. எதற்காகப் பயப்படுகிறோம் என்று வெளியே சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை.

இதெல்லாம் தெரியாத ஒன்பது வயதில்தான் நான் அவளை வழியனுப்ப நின்றேன். கல்யாணம் முடிந்து வேன் வாசலில் நின்றது. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜீப்பில் வருகிற அக்காமார் எல்லாரும் அழுதார்கள். சித்தி மட்டும் அழவில்லை. "கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு. அழுத்தக்காரி" என்றார் ஒரு அக்கா. சித்தி அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பிறகு யாரும் சொல்லுமுன் தானே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "போகலாம்ணே" என்றாள் டிரைவரிடம்.

எங்களை விட்டுப் போவதில் இவளுக்கு இவ்வளவு அவசரமா? எனக்கு ஆத்திரமாக வந்தது. வேன் நகரும்போது சுண்டுவிரலை நீட்டி அவளோடு டூ விட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றில் முடியெல்லாம் பறக்க, தெரு திரும்புகிறவரை சிரித்துக்கொண்டே போனாள்.